மலைக்குள் ஒரு வளவு: சித்திரக்குள்ளர் வீட்டுப் பிள்ளைகள்

கோடை விடுமுறைக்குத் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தான். காரைக்குடிக்குப் பக்கத்தில், முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு எங்களுடையது. சித்திரை வெயிலுக்கு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் போல இதமான இடம் வேறில்லை. அதில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு நோட்டில் எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தவன் திடீரென்று கேட்டான்:

“அம்மான், இந்தக் குள்ளருங்களுக்குப் பிள்ளைகுட்டியே கிடையாதா? எந்தக் கதையில பாத்தாலும் தாடியோடதான் வர்றாங்க.”

சென்னையில் நண்பர்களோடு அவன் ஆடுவது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரமாகவே பேசி, முடிவெடுத்து ஆடும் ஆட்டம். இவன் எடுத்திருப்பது ஒரு குள்ளன். கோடரி, கவசம், வயது, குலம் எல்லாம் எழுதிவிட்டான். சிறுவயதில் எப்படி வளர்ந்தான், யார் வளர்த்தார்கள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அன்று சொன்னது பாதிதான். மீதியை ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னேன். குள்ளர்களின் பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கதைகள் சொல்வது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்த ஒருவர் படித்தால் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி புரிந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

குள்ளர் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உயரம் குறைந்த மனிதர்களைப் புண்படுத்தவும் அது பயன்படுகிறது. நான் பேசுவது மலையைக் குடைந்து வாழ்கிற, கல்லும் உலோகமும் கைவந்த கற்பனை இனத்தைப் பற்றி. நம் சிறுவர் கதைகளில் சித்திரக்குள்ளர் என்று வருவார்கள். கோயில் வாசல்களில் குட்டைக் காலும் பெருத்த வயிறுமாக நிதியைக் காத்து நிற்கிற சங்கநிதியையும் பதுமநிதியையும் அவர்களுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருவருக்குப் பக்கத்திலும் ஒரு குழந்தையை எந்தச் சிற்பியும் செதுக்கி நான் பார்த்ததில்லை.

ஐரோப்பாவின் வடக்கே பிறந்த நார்ஸ் புராணங்களிலேயே இந்தக் குறை இருக்கிறது. ஓடின் என்ற தேவனுக்கு ஈட்டியும், ஃப்ரேயர் என்ற தேவனுக்கு மடித்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய கப்பலும் செய்து கொடுத்தவர்கள் ‘ஈவால்டியின் மகன்கள்’. மகன்கள் என்கிறது கதை. அவர்கள் தவழ்ந்ததையும் விழுந்ததையும் யாரும் பாடவில்லை. பட்டறையில் வேலை செய்யும் கைகளாகவே அறிமுகமாகிறார்கள். தகப்பன் பெயர் அந்தக் கைகளுக்கு ஒரு விலாசம்.

இந்த இனத்துக்கு வீடு, வம்சம், கல்யாணம் என்று யோசித்து எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். 1955-இல் வெளிவந்த ‘லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ கடைசிப் பாகத்தின் பின்னிணைப்பில் அவர் தருகிற செய்தி இது. குள்ளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்க மாட்டார்கள். மிகவும் அவசியம் என்றால் தவிர அவர்கள் வெளியே வருவதில்லை. வந்தாலும் குரலிலும் தோற்றத்திலும் உடையிலும் ஆண்களைப் போலவே இருப்பதால் மற்ற இனத்தாருக்கு வித்தியாசம் தெரியாது. ஒருவருக்கு ஆயுளில் ஒரே கல்யாணம். சில பெண்களுக்குக் கல்யாணமே வேண்டாம்; சிலர் மனத்தில் நினைத்தவர் கிடைக்காவிட்டால் வேறு யாரையும் கட்டுவதில்லை. ஆண்களிலும் பலர் தொழிலிலேயே மூழ்கிப்போய் இருந்துவிடுகிறார்கள். பிள்ளைப்பேறு குறைவு. நிலையான வீடு இல்லாத காலத்தில் இனமே அழிந்துவிடுமோ என்ற நிலை. இதையெல்லாம் அறியாத மனிதர்கள், குள்ளர்களில் பெண்களே இல்லை, அவர்கள் கல்லிலிருந்து முளைக்கிறார்கள் என்று நம்பினார்களாம்.

கல்லிலிருந்து முளைக்கிறார்கள் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அப்படிச் சொன்னது யார்? சந்தையிலும் சாலையிலும் குள்ளர்களைப் பார்த்தவர்கள். சாலையில் போனவர்கள் எல்லாரும் ஆண்கள்.

ரங்கூன் முகல் தெருவை நினைத்துப் பாருங்கள். கிட்டங்கி என்ற கடைக் கூடத்தில் பாய் விரித்து, கைப்பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்த செட்டியார்களைத்தான் அந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். சமைக்க ஆள், கணக்கெழுத ஆள், எடுபிடிக்குப் பையன், எல்லாம் ஆண்கள். கொண்டுவிக்கப் போனவர், அதாவது கடல் தாண்டித் தொழிலுக்குப் போனவர், மூன்று வருஷக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் போவார். ஆச்சிமார் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். இவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளையே கிடையாதோ என்று அந்தத் தெருவில் வளர்ந்த ஒரு பர்மியச் சிறுவன் நினைத்திருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. அதே நேரத்தில் இங்கே, பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே, அப்பத்தாவும் ஆத்தாவும் அந்தப் பெரிய வீட்டையும் அதிலிருந்த அத்தனை பிள்ளைகளையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அப்பச்சி, அதாவது அப்பா, என்றால் கடிதம், சுவரில் மாட்டிய படம், எப்போதாவது வந்து இறங்கும் பெட்டி.

குள்ளர்களின் பிள்ளைப் பருவம் கதைகளில் இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கதை சொல்பவர் முகப்போடு நின்றுவிட்டார். பிள்ளைகள் இருந்தது வளவில்.

ஒரே ஒரு முறை உள்ளே எட்டிப் பார்க்கக் கிடைக்கிறது. டோல்கீன் இறந்து 23 ஆண்டுகள் கழித்து, 1996-இல், அவர் எழுதிவைத்த தாள்களை அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட வரிசையின் பன்னிரண்டாம் தொகுதியில் ஒரு குறிப்பு வருகிறது. குள்ளர்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறப்பதே அபூர்வம். பிறந்த பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பார்கள். அந்தப் பாசம் மூர்க்கமானது. உறுதியாக, எதற்கும் வளையாதவர்களாக வளர வேண்டும் என்பதற்காக வெளிப்பார்வைக்குக் கடுமையாக நடத்துவார்கள். ஆனால் பிள்ளைக்கு ஒன்றென்றால் முழு பலத்தோடு காப்பார்கள். தங்களுக்கு இழைத்த தீங்கைவிடப் பிள்ளைக்கு இழைத்த தீங்கைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளும் பெற்றோரிடம் அப்படியே. தகப்பனுக்கு நேர்ந்த அவமானத்துக்குப் பழிதீர்க்க ஆயுள் முழுவதையும் செலவழிப்பார்கள்.

இந்தக் குறிப்பில் ‘வெளிப்பார்வைக்கு’ என்பதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. குள்ளர்கள் பிள்ளைகளை வதைத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. வெளியாளுக்கு அப்படித் தெரிந்தது என்கிறார். பிள்ளையை அடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்று இன்றும் வாதாடுகிறவர்களுக்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வெளிப்பார்வைக் கடுமை எப்படி இருக்கும் என்பதற்கு அந்த வாரமே எங்கள் வீட்டில் ஒரு காட்சி கிடைத்தது. என் ஆத்தா, பையனுக்கு ஆயா, கொட்டான் முடைகிறவர்கள். பனையோலையைச் சீராகக் கிழித்துச் சாயமேற்றி, தண்ணீர் தெளித்துப் பதமாக வைத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக அடியைப் பின்னிப் பிறகு மேலே திருப்பி எழுப்புவார்கள். பார்த்துக்கொண்டிருந்த பையன் நானும் செய்கிறேன் என்று ஒன்றைத் தொடங்கினான். அடி கோணிக்கொண்டது. ஆத்தா கையில் வாங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் பிரித்து ஓலையை அவன் மடியில் போட்டார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே மனசு கேட்கவில்லை. நான்காவது ஓரளவு நின்றது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தொங்கல். ஆத்தா அதையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாம்பாளத்தில் தாம் முடைந்த கொட்டான்களோடு அடுக்கினார்கள். “நல்லாருக்கு” என்று சொல்லவில்லை. அடுத்த நாள் கோயிலுக்குப் பூ எடுத்துப் போகும்போது அந்தத் தொங்கல் கொட்டானைத்தான் எடுத்துப் போனார்கள்.

குள்ளர் வீட்டுத் தகப்பனும் பட்டறையில் இப்படித்தான் இருந்திருப்பான் என்று பையனிடம் சொன்னேன். அவன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டான்.

குள்ளர்களுக்குப் பிள்ளைப் பருவம் மிக நீளம். சராசரி ஆயுள் 250 ஆண்டுகள் என்றால் முப்பது வயசெல்லாம் விடலைதான். டோல்கீன் கதையில், குள்ளர்களின் பழைய மலைநகரான மோரியாவின் வாசலில் நடந்த பெரும் போரில், ஓர்க்குகள் என்ற அரக்கக் கூட்டத்தின் தலைவனைக் கொன்ற டாயின் என்ற குள்ளனுக்கு வயது 32. குள்ளர் கணக்கில் அவன் இன்னும் சின்னப் பையன் என்று எழுதுகிறார் டோல்கீன். டிராகனிடமிருந்து மலையை மீட்கப் போன கூட்டத்தில் சேர கிம்லி என்ற குள்ளனுக்கு ஆசை. 62 வயதில் நான் எதற்கும் தயார் என்று நினைத்தானாம். சின்னவன் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுத் தகப்பன் க்ளோயின் போய்விட்டார். என் தங்கை மகன் ஆடும் ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிநூலில் கணக்கு கொஞ்சம் வேறு. உடம்பு மனிதர்களைப் போலவே வளர்ந்துவிடும், ஆனால் 50 வயது வரை இளையவர் என்றே வைத்திருப்பார்கள், ஆயுள் 350.

இந்த இடத்தில் செட்டிநாடு நேர் எதிர். கடைக்குப் போகிற பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயதிலேயே விளையாட்டு முடிந்துவிடும். எண்சுவடியில் முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னங்களை மனப்பாடமாக ஒப்பித்து முடித்தவனைப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேற்றி அனுப்புவார்கள். பெட்டியடி, பிறகு அடுத்தாள், பிறகு மேலாள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதைக்கூட வட்டிக் கணக்கில் தவறவிடாத மனிதர்களாக அவர்கள் வளர்ந்தார்கள். அந்த வயதில் ஆத்தாவை விட்டுக் கடல் தாண்டிய பிள்ளைகளின் இரவுகளைப் பற்றி எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதவில்லை. குள்ளர்களுக்கு ஐம்பது வருஷப் பிள்ளைப் பருவத்தைக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வருவது இதனால்தான். கைத்தொழில் ஒன்றை ஒரு பிள்ளை அவசரமில்லாமல், பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கற்க எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் கிடைக்கிறது.

இனி, குள்ளர்கள் எப்படிப் பிறந்தார்கள் என்பதற்கு டோல்கீன் சொல்லும் கதை. 1977-இல் வந்த ‘சில்மரில்லியன்’ நூலில் இருக்கிறது. ஆவுலே என்ற தேவன் கொல்லன். தன் வித்தையைச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்ற ஏக்கத்தில், பரம்பொருளான இலூவதாருக்குத் தெரியாமல் மலைக்கடியில் ஏழு குள்ளர்களைச் செய்கிறான். இலூவதார் கண்டுபிடித்துக் கேட்டபோது அவன் சொல்லும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது: தகப்பன் செய்வதைப் பார்த்து அறியாப் பிள்ளை விளையாட்டாகத் தானும் செய்வது கேலிக்காக இல்லை, அவன் அந்தத் தகப்பனின் பிள்ளை என்பதால்தான். சொல்லிவிட்டு, அழுதுகொண்டே, தான் செய்தவர்களை உடைக்கச் சுத்தியலை ஓங்குகிறான். குள்ளர்கள் நடுங்கிப் பின்வாங்குகிறார்கள். அதைக் கண்டு இலூவதார் இரங்கி அவர்களுக்கு உயிர் நிலைக்கவிட்டு, தன் சுவீகாரப் பிள்ளைகளாக ஏற்கிறார்.

ஆக, அந்த இனமே பிள்ளை கூட்டிக்கொண்ட இனம். நகரத்தார் வீடுகளில் பிள்ளையில்லாதவர்கள் தம் கோயிலைச் சேர்ந்த பங்காளிகளிடமிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில். குள்ளர்களுக்கு ஏழு தகப்பன்மாரின் ஏழு குலம். கூட்டிக்கொண்ட நாளிலிருந்து வந்த வீட்டின் பெயரும் புள்ளி என்ற குடும்பக் கணக்கும் கடனும் அவனுடையவை. பெற்ற பிள்ளை, கூட்டின பிள்ளை என்று பந்தியில் யாரும் இலையை மாற்றிப் போடுவதில்லை. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் கதைகளிலும், 1989-இல் தொடங்கி, கேரட் என்று ஒருவன் வருகிறான். பெற்றவர்களை இழந்த மனிதக் குழந்தை, சுரங்கத்தில் குள்ளத் தம்பதியிடம் வளர்கிறான். ஆறடிக்கு மேல் வளர்ந்த பிறகும் தன்னைக் குள்ளன் என்றே நினைக்கிறான், அவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். குள்ளன் என்பது உயரத்தைச் சொல்லும் பெயர் இல்லை, வளர்ந்த வீட்டைச் சொல்லும் பெயர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

பெயர் என்றதும் டூரின் ஞாபகம் வருகிறது. ஏழு தகப்பன்மாரில் மூத்தவர் அவர். அவருடைய வம்சத்தில் அவரையே உரித்துவைத்தாற்போல் ஒரு பிள்ளை பிறந்தால் டூரின் என்று பெயர் வைப்பார்கள். ஐந்து முறை அப்படி நடந்தது. பழையவரே திரும்பி வந்துவிட்டதாகக் குள்ளர்கள் நம்பினார்கள். இதை விளக்க எனக்கு ஒரு சொல் போதும். பேரன் என்ற சொல்லே பெயரன். பாட்டன் பெயரைச் சுமப்பவன். எங்கள் பக்கத்தில் மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாமல் மருமகள் தன் பிள்ளையை “ஐயா” என்றே கூப்பிடுவாள். ஒன்றரை வயசுப் பிள்ளை தாத்தாவுக்குரிய மரியாதையோடு இடுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆட்டத்தின் விதிநூலிலும் இதே மாதிரி ஒரு விதி: குள்ளனின் பெயரைக் குலப் பெரியவர்தான் வைப்பார், தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பெயர்தான் வைக்க வேண்டும், பெயர் குலத்துக்குச் சொந்தம், அதற்குக் களங்கம் செய்தால் பெயரைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

டோல்கீனின் குள்ளர்களுக்கு இன்னொரு பெயரும் உண்டு. தங்கள் சொந்த மொழியில் வைத்த உள்பெயர். அதை வேற்றினத்தார் யாருக்கும் சொல்ல மாட்டார்கள், கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. அந்த மொழியும் தொட்டிலில் பேசும் மொழியாக இருந்த காலம் போய்ப் படித்துப் பாதுகாக்கும் மொழியாகிவிட்டது என்கிறார். அப்படியானால் குள்ளத் தாய் எந்த மொழியில் தாலாட்டுப் பாடினாள்? எனக்குத் தோன்றுவது, அந்த உள்பெயரை மட்டுமாவது பழைய மொழியில், தொட்டிலுக்குள் குனிந்து, பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருப்பாள் என்பது. இதைப் பையனிடம் சொன்னபோது தன் குள்ளனுக்கு ஓர் உள்பெயர் வைத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மடித்துவிட்டான். எனக்குக்கூடக் காட்டவில்லை.

ஆட்டத்தின் உலகத்தில் மொராடின் என்ற தகப்பன் தெய்வம் குள்ளர்களை உலையில் வடித்தெடுத்தார் என்பது ஐதீகம். அவருக்கு இணையாக பெரோனார் என்ற தாய்த் தெய்வம், வீட்டுக்கும் அடுப்புக்கும் உரியவள். உலை ஒரு நெருப்பு, அடுப்பு ஒரு நெருப்பு. கதைகள் உலையைப் பற்றித்தான் நிறையப் பேசுகின்றன. எனக்கு அடுப்புப் பக்கத்து நெருப்பு தெரியும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து வருகிற பிள்ளையார் நோன்பில், இருபத்தொரு நூலிழையைத் திரியாக்கி, மாவில் செருகி, ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்போம். முதல் தடவை எனக்கு நான்கு வயசு இருக்கும். சுடரைப் பார்த்துப் பின்வாங்கினேன். ஆத்தா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, தம் கையாலேயே உள்ளே வைத்தார்கள். சுடவே இல்லை, வெல்லமும் நெய்யும் இனித்தன. அந்த வருஷம் சின்னம்மா மாசமாக இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு இழை, ஒன்று வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு. மலைக்குள் பிறந்து நெருப்போடு வாழப்போகிற குழந்தைக்கும் யாரோ ஒரு தாய் முதல் சுடரை இப்படித்தான் கையால் பழக்கியிருக்க வேண்டும்.

பிள்ளைக்கு எதை விட்டுப்போவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ‘வார்ஹாமர்’ ஆட்டத்தின் குள்ளர்கள் தமக்கு இழைக்கப்பட்ட தீங்குகளை ஒரு பெரும் பேரேட்டில் எழுதிவைப்பார்கள். தகப்பன் காலத்தில் தீராத வரவு மகன் தலையில். பேரேடு தெரிந்த நமக்கு அதன் கனம் தெரியும். டோல்கீனில் அதே விஷயம் இன்னும் மனிதத்தனமாக வருகிறது. அவர் உலகத்தின் ஆண்டுக் கணக்கில் மூன்றாம் யுகம் 2770-இல் டிராகன் வந்து குள்ளர்களின் எரெபோர் மலை பறிபோகிறது. வயதாகி, கையில் ஒன்றுமில்லாமல் அலைந்த அரசர் த்ரோர், மிஞ்சியிருந்த ஒரு மோதிரத்தை மகன் த்ராயினிடம் கொடுத்து, இதைக் கொண்டு நீ மறுபடி தலையெடுக்கலாம், ஆனால் பொன் பெருகவும் பொன் வேண்டும் என்கிறார். முதல் இல்லாமல் வட்டி இல்லை என்று கற்ற வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, தோட்டமும் நிலமும் பத்திரமும் அங்கே கிடக்க, நடந்தே ஊர் வந்து சேர்ந்த பெரியவர்களும் பிள்ளைகளிடம் இந்த மாதிரிதான் பேசினார்கள்.

த்ரோர் மோரியாவில் கொல்லப்பட்டார். செய்தி கேட்ட த்ராயின் ஏழு நாள் பேசவே இல்லை. பிறகு, இதைப் பொறுக்க முடியாது என்று எழுந்தார். ஆறு வருஷப் போர். செத்தவர்களைக் கல்லறையில் வைக்க முடியாத அளவுக்குப் பிணம் விழுந்து, குள்ளர் வழக்கத்துக்கு மாறாகச் சிதை மூட்டினார்கள். அதற்குப் பிறகு தன் முன்னோரில் ஒருவரை “அவர் எரிக்கப்பட்ட குள்ளர்” என்று ஒருவன் சொன்னால் போதுமாம், வேறு பெருமை தேவையில்லை. நடுகல் நட்ட மண்ணுக்கு இது புதுசில்லை.

அந்த த்ராயினே பிறகு எதிரியின் நிலவறையில் சிக்கிக்கொள்கிறார். 2850-இல் கண்டால்ஃப் என்ற மந்திரவாதி அவரைக் கண்டுபிடித்தபோது அவருக்குத் தன் பெயர் நினைவில்லை. மகனின் பெயரையும் அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு வரைபடத்தையும் ஒரு சாவியையும் மட்டும் விடாமல் வைத்திருந்து, மகனிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார். அது அந்த மகன் தோரின் கைக்கு வந்து சேர 91 வருஷம் ஆயிற்று. எங்கள் வீட்டுப் பெட்டகச் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். என் ஐயாவுக்குக் கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை, என்னைக் கடை ஆள் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள். ஆனால் இடுப்பில் அந்தச் சாவி இருக்கிறதா என்று கை மட்டும் தடவிக்கொண்டே இருக்கும். த்ராயினைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது அம்மான் விஷயத்தை.

மலையை மீட்கப் போன பதின்மூன்று குள்ளர்களில் மிக இளையவர்கள் ஃபீலியும் கீலியும். கடைசிப் போரில் தோரின் வெட்டுப்பட்டு விழும்போது, கேடயத்தாலும் உடம்பாலும் அவரை மறைத்து நின்று இருவரும் சாகிறார்கள். ஏன் அப்படி நின்றார்கள் என்பதற்கு 1937-இல் வந்த ‘ஹாபிட்’ ஒரே ஒரு காரணம் சொல்கிறது: அவர் அவர்களுடைய தாயின் அண்ணன். அரசர் என்பதற்காக என்று சொல்லவில்லை, தலைவர் என்பதற்காக என்று சொல்லவில்லை. தாயின் அண்ணன். ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை அந்த இடத்தில் ஒரு கணம் நின்று உறவைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டாம். காதுகுத்துக்கு யார் மடியில் உட்காருவோம், முடியிறக்க யார் மடி, கல்யாணத்தில் முதல் சீர் யாருடையது என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் எதற்கு? நம் தாலாட்டில் அழுகிற பிள்ளையை அடித்தது யார் என்று கேட்கும்போதுகூட மாமன் கையில் மல்லிகைச் செண்டைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

டோல்கீன் இதை எங்கிருந்து எடுத்திருப்பார் என்பதும் ஊகிக்கக்கூடியதே. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர். கி.பி. 98-இல் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதும்போது, சகோதரியின் மகன்கள் தம் தகப்பனுக்கு எவ்வளவோ மாமனுக்கும் அவ்வளவு என்கிறார். சிலர் அந்த உறவை அதைவிடவும் புனிதமாக நினைக்கிறார்கள். பிணையாளாகக் கேட்கும்போதுகூட அவர்களையே கேட்கிறார்கள் என்கிறார். 991-இல் நடந்த மால்டன் போரைப் பாடிய பழைய ஆங்கிலப் பாட்டிலும் தலைவனுடைய சகோதரி மகன் வெட்டுப்பட்டு விழுகிறான். வடக்கே மறைந்துபோன அந்த உறவை அவர் குள்ளர்கள் வழியாக மீட்டுவைத்தார். இங்கே அது மறையவே இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஃபீலி, கீலியின் தகப்பன் பெயர் எங்கேயும் இல்லை. தாயின் பெயர் இருக்கிறது: டீஸ். பின்னிணைப்பில் பெயர் சொல்லப்பட்ட ஒரே குள்ளப் பெண் அவள்தான். தோரினின் தங்கை. பிறந்தது 2760. டிராகன் வந்து மலை எரிந்தபோது அவளுக்குப் பத்து வயது. குள்ளர் கணக்கில் பால்குடி மறந்த பிள்ளை என்றுகூடச் சொல்லலாம். வீட்டை விட்டு ஓடி, சாலையோரக் கொல்லுப் பட்டறைகளில் பிழைத்து வளர்கிறாள். முப்பது வயதில் பாட்டன் சாகிறார். முப்பத்தொன்பதில் அண்ணன் ஃப்ரேரின் போரில் விழுகிறான். தகப்பன் 2841-இல் புறப்பட்டுப் போகிறார், திரும்பவில்லை. 2859-இல் ஃபீலி, 2864-இல் கீலி. இரண்டு பிள்ளைகளையும் அவள் வளர்த்தது நாடு கடந்த காலத்தில். நிலையான வீடு இல்லாவிட்டால் இனமே அழியும் என்று டோல்கீன் எழுதினாரே, அந்தக் காலம் அது. வளர்த்து, ஒருவனுக்கு 82, ஒருவனுக்கு 77 ஆனபோது இருவரையும் அண்ணன் பின்னால் அனுப்பிவைக்கிறாள்.

குள்ளர்கள் பிள்ளை வளர்த்ததற்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சாட்சி இவள்தான். அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக எழுதப்படவில்லை. அவள் வளர்த்த பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்பதிலிருந்துதான் அவளைத் தெரிந்துகொள்கிறோம். அம்மானைப் பற்றி அவள் பிள்ளைகளிடம் என்னவெல்லாம் சொல்லி வளர்த்திருக்க வேண்டும்!

இதையெல்லாம் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆத்தா பக்கத்தில்தான் இருந்தார்கள். ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஏன்யா, அண்ணன், ரெண்டு பயலுக, மூணு பேரும் போயிட்டாங்க. அந்த ஆச்சிக்கு யாரு போய்ச் சொன்னது?”

பையன் என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தை எடுத்து வம்ச அட்டவணை இருக்கும் பக்கத்தைத் திருப்பினேன். தோரினுக்குப் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருந்தன. ஃபீலிக்கும் கீலிக்கும் இரண்டும் இருந்தன. டீஸ் பெயருக்குப் பக்கத்தில் 2760 என்று மட்டும் இருந்தது.